தூஷணமும் மறுமொழியும்

மனிதன் தன் உடைமைகளுள் எளிதில் விட்டுக்கொடாமல் காப்பவை இரண்டு. ஒன்று தாய்மொழி, மற்றொன்று தெய்வ நம்பிக்கை. பிழைப்பை நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்கள் இவ்வுண்மையை ஏனையோரினும் நன்கு அறியும். புணே நகரின் கிர்க்கியிலும் தேகு ரோட்டிலும் முகாம் பகுதியிலும் வந்து குடியேறிய தமிழர்கள் நிலத்தையும் வீட்டையும் ஊரில் விட்டு வந்தனர். மொழியையும் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தனர். முருகனை வணங்குவோரும், வேளாங்கண்ணி மாதாவை வணங்குவோரும், அல்லாவைத் தொழுவோரும் ஒரே கூரையின்கீழ்த் தமிழின் பெயரால் கூடி அமர்வது நமக்குப் பழகிப்போன காட்சி. ஆயினும் அவ்வாறு அமரும்போது நாம் சமயத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பேசினால் எவர் மனமேனும் நோகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

அவ்வச்சம் நல்லெண்ணத்தில் பிறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் முன்னோர் சமயத்தைப் பற்றிப் பேசினர், எழுதினர், கடுமையாக வாதிட்டனர். அவ்வாதங்களால் மனங்கள் நொந்ததும் உண்டு. மொழி வளம் பெற்றதும் உண்டு. ஆதலின் ஒரு வினா எழுகின்றது. தன் சமயத்தை எழுத்தால் காக்க முற்படும் ஒருவன், தான் மறுக்கும் சமயத்தாருக்குக் கடன்பட்டிருப்பது ஏதேனும் உண்டா? சமய மாற்றமும், சமயக் காப்பும், அவற்றின் பொருட்டு எழுந்த நூல்களும் நானூறு ஆண்டுகளாகப் பின்னிக் கிடக்கும் கத்தோலிக்கத் தமிழ் இலக்கியம் இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு ஏற்ற களமாகும்.

தமிழகத்தின் பழைய வழக்கு

சமய மாற்றம் என்பது ஐரோப்பியக் கப்பல்களில் வந்து இறங்கிய ஒன்று எனக் கருதுவோர் உளர். திருநாவுக்கரசரின் வரலாற்றை நினைவுகூர்ந்தால் அக்கருத்து நில்லாது. சைவக் குடியில் பிறந்த மருள்நீக்கியார் சமணம் புகுந்து தருமசேனர் ஆயினார். பின்னர்த் தமக்கை திலகவதியாரின் தவத்தால் மீண்டும் சைவம் புகுந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஒரே மனிதர் இருமுறை சமயம் மாறினார். இரண்டாம் மாற்றத்தின் பயனாகத் தமிழுக்குத் தேவாரம் கிடைத்தது.

சமய வாதமும் அவ்வாறே பழமையானது. மணிமேகலை வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரையும் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்டறிந்த பின்னரே தன் வழியைத் தெளிகின்றாள். பௌத்தர் இயற்றிய குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் நீலகேசியை இயற்றினர். இவ்விரண்டின் பின்கதை நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. குண்டலகேசி முழுமையாக நம் கைக்குக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. அந்நூலைப் பற்றி இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி, அதை மறுத்த நீலகேசியாலும் அதன் உரையாலும் கிடைத்தது. அழிக்க எழுந்த நூலே அழியாமல் காத்தது. பகைவன் சொல்லைத் திரிக்காமல் எடுத்துக்காட்டிய பின்னரே மறுக்க வேண்டும் என்னும் நெறி அந்நாளில் இருந்தமையால் அன்றோ இது நிகழ்ந்தது?

அந்நெறிக்கு இலக்கணமும் உண்டு. பிறர் கொள்கையை முதலில் ஏற்றுரைத்துப் பின்னர்க் களைதலை நூலாசிரியனுக்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் வகுக்கும். வடமொழியாளர் இதனைப் பூர்வபட்சம் என்பர். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதியாக அமைந்ததும் இம்முறை பற்றியே. பிறர் பக்கம் முன்னே; தன் பக்கம் பின்னே. பிறர் பக்கத்தைச் சொல்லும்போது அப்பிறர் கேட்டு, “ஆம், யாம் கூறுவது இதுவே” என ஒப்ப வேண்டும். அவ்வொப்புதலைப் பெறாத மறுப்பு, தானே செய்த பொம்மையைத் தானே அடித்து வீழ்த்துவதற்கு ஒப்பாகும்.

இதனையே நாம் அளவுகோலாகக் கொள்வோம். இக்கோலைக் கொண்டு கத்தோலிக்கப் பெருமக்களையும், அவர்களை எதிர்த்தவர்களையும் ஒருசேர அளந்து பார்ப்போம்.

தத்துவ போதகர்

நம் புணே நகரில் இயேசு சபைத் துறவிகள் வாழ்ந்து பயிலும் இல்லம் ஒன்று ‘டி நொபிலி கல்லூரி’ என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. அப்பெயருக்குரியவர் மராட்டிய நாட்டிற்கு உரியவரல்லர், மதுரைக்கு உரியவர். இராபர்ட் டி நொபிலி 1577இல் இத்தாலியில் உயர்குடியில் பிறந்து, 1606இல் மதுரையை அடைந்தார். அக்காலத்தில் மதுரை மக்கள் கிறித்தவத்தைப் ‘பரங்கியர் மார்க்கம்’ என்றனர். அந்நெறியில் சேர்வது என்றால் உணவையும் உடையையும் உறவையும் துறந்து பரங்கியாவது என்பதே பொருளாயிற்று. டி நொபிலி இதனை உடைக்க எண்ணினார். காவியுடை பூண்டார்; புலால் நீக்கினார்; ஒருவேளை உண்டு துறவியாக வாழ்ந்தார். தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்னும் பெயர் பெற்றார்.

அவர் எழுதிய ஞானோபதேச காண்டமும் ஆத்தும நிர்ணயமும் தமிழ் உரைநடையின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க இடம் பெறுவன. புனர்ஜென்ம ஆட்சேபம் என்னும் நூலில் மறுபிறவிக் கொள்கையை அவர் தருக்க முறையில் மறுத்தார். இம்மறுப்பு எத்தகைய ஆழத்தைத் தொடுகின்றது என்பதை எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு குழந்தை கண்ணொளியின்றிப் பிறக்கின்றது. அது முற்பிறப்பின் வினைப்பயன் என்பது ஒரு சாரார் கொள்கை. தான் செய்த குற்றம் இன்னதென்றே அறியாத உயிருக்குத் தண்டனை எவ்வாறு திருத்தமாகும் என்று கிறித்தவர் வினவுவர். முன்வினை இல்லையெனின், குற்றமற்ற குழந்தைக்கு அக்குறையை அளித்த இறைவன் நீதிமான் ஆவது எங்ஙனம் என்று சைவர் திருப்பி வினவுவர். இரண்டும் புறந்தள்ளத்தக்க வினாக்கள் அல்ல. முன்னது சைவரை உறங்கவிடாது. பின்னது கிறித்தவரை உறங்கவிடாது. நேர்மையான சமய வாதத்தின் முதற் பயன் பிறரை வெல்வதன்று. தன் கொள்கையில் உள்ள இடர்ப்பாட்டைத் தானே காண்பதாகும்.

டி நொபிலியின் துறவுக்கோலம் வஞ்சனை என்று அவர் காலத்திலேயே கூறியவர் இருந்தனர். அவர்களுள் அவர்தம் திருச்சபையினரே முன்னின்றனர். வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். நம் அளவில் தீர்ப்புச் சொல்வதாயின், கோலம் வஞ்சனையாவது அதன்படி வாழாதபோதுதான். 1656இல் மயிலாப்பூரில் உயிர் நீங்கும் வரை அவர் கடுந்தவம் மேற்கொண்டே வாழ்ந்தார். ஆதலின் அக்கோலம் பொய்யன்று. ஆனால் அக்கோலத்திற்கு அவர் கொடுத்த விலை வேறு. உயர்சாதியாரை அணுகும்பொருட்டுச் சாதி வேற்றுமையைச் சமூக வழக்கு என்று கூறி ஏற்றுக்கொண்டார். அதனால் ஒரே இறைவனின் மக்களை இருவேறு குருமார் தனித்தனியே அணுகும் நிலை உண்டாயிற்று. அவ்வேற்றுமை தமிழகக் கத்தோலிக்கரிடையே விளைத்த துன்பம் பல தலைமுறை நீடித்தது. ஒரு சமயத்தைப் பிறர் ஏற்கும்படி சொல்லப் புகுந்தவர், அச்சமயத்தின் உயிர்நிலையான சமத்துவத்தைச் சொல்லாமல் ஒத்திவைத்தால், அது சமயத்தைக் காத்ததாகுமா? தத்துவ போதகரைப் போற்றுவோர் இவ்வினாவையும் தவிர்த்தல் கூடாது.

முனிவரின் இருவகை எழுத்து

வீரமாமுனிவர் எனத் தமிழர் போற்றும் கான்ஸ்டன்டைன் பெஸ்கி 1680இல் பிறந்தவர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் வந்தவர், 1747இல் மறைந்தவர். அவர் தம் சமயத்தை இருவகையாகக் காத்தார். அவ்விருவகையையும் ஒப்பிட்டு நோக்குதல் நம் வினாவிற்கு மிகவும் துணை செய்யும்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு முதலிய லுத்தரன் சபையார் தமிழில் அச்சுப்பொறி அமைத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வழங்கினர். கத்தோலிக்க மக்களிடையேயும் அந்நூல்கள் பரவின. அவற்றை எதிர்த்து முனிவர் வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். எதிரிகளின் கொள்கையை மட்டுமன்றி, அவர்கள் எழுதிய தமிழின் குறைகளையும் எள்ளி நகையாடினார். அந்நகைப்பில் கூர்மை உண்டு. கற்றோர் சுவைக்கும் நயமும் உண்டு. ஆனால் தமிழறியாத அயலார் தட்டுத்தடுமாறிக் கற்றுப் பெயர்த்த முதல் முயற்சி அது. பிழைபட்ட மொழியில் சொல்லப்பட்டதனால் ஒரு கருத்துப் பொய்யாகிவிடாது. நம் அளவுகோலின்படி முனிவரின் இப்பகுதி குறைபட்டதே. அச்சண்டை ஓய்ந்தபின் இந்நூல்களைத் தேடிப் படிப்போர் ஆய்வாளர் சிலரே.

மற்றொரு வகை தேம்பாவணி. மூன்று காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்ட அப்பெருங்காப்பியம் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரைத் தலைவனாகக் கொண்டது. அதில் யூதேய நாடு தமிழகத்து மருதநிலம்போல் செழிக்கின்றது. எருசலேம் நகரம் தமிழ்க் காப்பிய நகரங்களின் எழிலோடு விளங்குகின்றது. அங்கும் முனிவர் தம் சமயத்தையே நிலைநாட்டுகின்றார்; ஐயமில்லை. ஆயினும் அதனைத் தமிழர் தம் காப்பிய மரபின்மீது வைத்த மதிப்பின் வாயிலாகச் செய்கின்றார். கம்பரையும் திருத்தக்கதேவரையும் ஆழக் கற்றார்க்கன்றி அந்நடை வாய்க்காது. வைணவர் கவியிடத்தும் சமணர் கவியிடத்தும் மாணவராக அமர்ந்து கற்றதைக் கொண்டே கத்தோலிக்கர் ஒருவர் தம் சமயத்திற்கு அணி செய்தார். இவற்றோடு, சொற்பொருளை நால்வகையாகப் பகுத்துச் சதுரகராதியை 1732இல் தொகுத்தார். ஐந்திலக்கணம் கூறும் தொன்னூல் விளக்கத்தையும் இயற்றினார். அகராதியைப் பயன்படுத்துவோர் எச்சமயத்தார் என்று எவரும் கேட்பதில்லை.

ஒரே மனிதர், ஒரே நம்பிக்கை, ஒரே பேனா. இகழ்ந்து எழுதியவை மங்கின; கற்று எழுதியவை ஒளிர்கின்றன. காலம் பெரும்பாலும் நடுநிலையாளராகவே விளங்குகின்றது.

நாவலரின் விடை

இனி மறுபக்கத்தையும் காண்போம். யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் பெர்சிவலுக்குப் பல்லாண்டு துணை நின்றார். அவர் சமயம் மாறவில்லை. அங்குக் கற்றவற்றைக் கொண்டே தம் சமயத்தைக் காக்க முனைந்தார். பள்ளி நிறுவினார், அச்சுக்கூடம் அமைத்தார், 1854இல் சைவ தூஷண பரிகாரத்தை வெளியிட்டார்.

அந்நூலின் வலிமை எதில் உள்ளது? சைவரின் கோயிலையும் பூசையையும் திருநீற்றையும் இழித்துரைத்த பாதிரிமார்க்கு அவர் விவிலியத்தையே எடுத்துக்காட்டி விடையளித்தார். யூதர்களின் ஆலயத்தில் பலியும் தூபமும் விளக்கும் நீராடலும் இறைவனாலேயே விதிக்கப்பட்டவை என்று உங்கள் வேதம் கூறவில்லையா? அங்குப் புனிதமானது இங்கு மூடத்தனமாவது எப்படி? நாவலரின் வினா இது. பிறர் நூலை அவர் பழிப்பதற்காகப் புரட்டிப் பார்க்கவில்லை. வரிக்கு வரி தமிழாக்க உதவியவராகவே அறிந்திருந்தார். ஆகவேதான் அவர் மறுப்பு ஆழமாகத் தைத்தது.

ஈண்டு ஓர் ஒற்றுமை நம் நெஞ்சைத் தொடுகின்றது. டி நொபிலி எழுதிய நூல்களுள் ஒன்றன் பெயர் தூஷண திக்காரம். கிறித்தவத்தின்மீது சுமத்தப்பட்ட பழிகளை மறுப்பது அது. இரு நூற்றாண்டு கடந்து, எதிர்த்திசையிலிருந்து நாவலர் எழுதியது சைவ தூஷண பரிகாரம். ஒருவர் இத்தாலியில் பிறந்து மதுரைக்கு வந்தவர். மற்றவர் கிறித்தவப் பள்ளியில் கற்றுச் சைவத்தில் நிலைத்தவர். இருவர் நூற்பெயரிலும் ‘தூஷணம்’ என்னும் ஒரே சொல் நிற்கின்றது. என் தெய்வத்தை நீ அறியாமலே பழிக்கின்றாய் என்னும் ஒரே வேதனையே இருவரையும் எழுதத் தூண்டிற்று. பகைவர் எனத் தோன்றும் இவ்விருவரும் வேதனையில் உடன்பிறந்தார் ஆவர். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாதிப் பாகுபாட்டை ஏற்றதிலும் இருவரும் ஒத்தனர். ஆகவே குறையிலும் அவர்கள் உடன்பிறந்தாரே.

சமரசம் என்பது யாது?

இவ்வளவு வாதம் எதற்கு, எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பார் உளர். மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையை அவர்கள் சான்று காட்டுவர். 1826இல் பிறந்து 1889இல் மறைந்த அவர், தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தை அளித்தவர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றியவர். ஆனால் அவர் உறுதியான கத்தோலிக்கர் என்பதையும், அன்னை மரியின்மீது தேவமாதா அந்தாதி பாடியவர் என்பதையும் மறத்தலாகாது. எல்லாரும் பாடுவதற்குரிய கீர்த்தனையையும், தம் சமயத்தார்க்கே உரிய அந்தாதியையும் ஒரே கை எழுதிற்று. சமரசம் என்பது தன் நம்பிக்கையைக் கரைத்துவிடுதல் அன்று. எல்லாம் ஒன்றே என்று அவசரமாகச் சொல்பவர் பல வேளைகளில் எதனையும் ஊன்றிக் கேளாதவராகவே இருக்கின்றார். ஒருவர் கூறுவதை ஊன்றிக் கேட்டு, “இதில் யான் உம்மோடு உடன்படவில்லை” என்று அன்போடு சொல்வது, கேளாமலே உடன்படுவதைவிட உயர்ந்த மதிப்பாகும்.

மராட்டிய மண்ணில்

நாம் வாழும் இம்மராட்டிய நாட்டிலும், இதனை அடுத்த கோவாவிலும் இதே வரலாறு வேறு வண்ணத்தில் நிகழ்ந்தது. கோவாவில் 1560இல் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. போர்ச்சுகீசியர் ஆட்சியில் அங்குக் கோயில்கள் இடிக்கப்பட்டன. உள்நாட்டு மொழி நூல்கள் தீக்கிரையாயின. அதே கோவாவிற்கு 1579இல் வந்த தாமஸ் ஸ்டீபன்ஸ் என்னும் ஆங்கிலேய இயேசு சபைத் துறவி, மராட்டி மொழியைக் கற்று, ஓவி யாப்பில் கிறிஸ்த புராணத்தைப் பாடி 1616இல் அச்சிட்டார். எங்களுக்கென்று ஒரு புராணம் வேண்டும் என்று புதிய கிறித்தவர் ஒருவர் கேட்பதாக அந்நூல் தொடங்குகின்றது. அக்கேள்வியின் பின்னே ஓர் இழப்பின் துயரம் ஒலிக்கின்றது. பழைய புராணங்களைப் பறித்தது அதிகாரம். புதிய புராணத்தை அளித்தது புலமை. தீ எவரையும் நம்பவைக்கவில்லை. நூலுக்கோ எவரையும் வற்புறுத்தும் ஆற்றல் இல்லை. படிப்பவன் விரும்பினால் அதனை மூடிவைக்கலாம். படிப்பவனுக்கு அந்த உரிமையை விட்டுவைப்பதே எழுத்தின் அறம்.

மாறியவரின் உள்ளம் படும் பாட்டையும் இம்மண் நன்கு கண்டது. பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் சபையில் திருமுழுக்குப் பெற்றார். 1890இல் தம் சாரதா சதனத்தைப் புணேவிற்குக் கொண்டுவந்தார். 1893இல் அவ்வில்லத்து மாணவியர் கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்படுகின்றனர் என்று கிளம்பிய எதிர்ப்பில், அவருக்குத் துணைநின்ற ரானடே, பண்டார்கர் போன்ற பெருமக்களும் விலகினர். அதே ரமாபாய், ஆங்கிலேயச் சமயத் தலைவர்கள் தம் மனச்சான்றின்மீது அதிகாரம் செலுத்த முயன்றபோதும் பணியவில்லை. பழைய உறவினர் துரோகி என்றனர். புதிய உறவினர் அடங்காதவர் என்றனர். அவர் இருவர்க்கும் எழுத்தால் விடை சொன்னார். இறுதிக்காலத்தில் விவிலியம் முழுவதையும் மராட்டியில் தாமே பெயர்த்தார்.

1895இல் சமயம் மாறிய கவிஞர் நாராயண வாமன திலகர், நம் தேகு ரோட்டிற்கு அருகே உள்ள தேகுவில் பிறந்த துக்காராமின் பாடல்களே தம்மைக் கிறிஸ்துவிடம் இட்டுச் சென்ற பாலம் என்று உணர்ந்தவர். அவர் அபங்க யாப்பிலேயே கிறித்தவப் பாடல்களை இயற்றினார். ஆயின் அவர்தம் மனைவி இலட்சுமிபாய் கணவர் மாறிய நாளில் மாறவில்லை. அவர் அடைந்த அதிர்ச்சியும், பிரிவும், ஊராரின் இரக்கமும் ஏச்சும் ஸ்மிருதிசித்ரே என்னும் அவர்தம் தன்வரலாற்றில் மறைக்கப்படாமல் பதிவாகியுள்ளன. பல ஆண்டு சென்று தம் மனம் தெளிந்த பின்னரே அவரும் அந்நெறியில் சேர்ந்தார். கணவர் 1919இல் முற்றுப்பெறாமல் விட்டுச் சென்ற கிறிஸ்தாயனத்தை நிறைவு செய்தவரும் அவரே. சமயம் மாறுவது ஒருவரின் தனியுரிமை என்பது சட்டம். ஆனால் அவருடன் ஒரே அடுப்பில் உண்டவர்களுக்கு அவர் சொல்லக் கடமைப்பட்ட விளக்கம் ஒன்று உண்டு என்பது அறம். இலட்சுமிபாயின் நூலை ஒதுக்கிவிட்டு மதமாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் பாதியையே பேசுகின்றனர்.

மாறியவரைப் புதிய வீட்டாரும் புரிந்துகொள்ளாத கொடுமைக்குப் பிரமபாந்தவ உபாத்தியாயர் சான்று. 1861இல் வங்காளத்தில் பிறந்த அவர் 1891இல் கத்தோலிக்கர் ஆனார். தம்மை இந்துக் கத்தோலிக்கர் எனக் கூறிக்கொண்டார். வேதாந்தத்தின் சொற்களால் கிறித்தவ உண்மைகளை விளக்க முயன்றார். மூவொரு கடவுளைச் சச்சிதானந்தமாக வணங்கி வடமொழியில் பாடினார். அவர் நடத்திய சோபியா இதழைக் கத்தோலிக்கர் படித்தலாகாது என்று திருத்தந்தையின் பேராளர் சலெஸ்கி 1900இல் தடை விதித்தார். அதே சலெஸ்கியின் முயற்சியால் 1893இல் கண்டியில் தோன்றிய பாப்பரசர் குருமடம் 1955இல் நம் புணேவிற்கு மாற்றப்பட்டது. இன்று புணேயில் குருத்துவத்திற்குப் பயிலும் மாணவர்கள் இந்தியத் தத்துவங்களையும் பாடமாகக் கற்கின்றனர். அன்று தடுக்கப்பட்ட தேடல் இன்று பாடமாயிற்று. தம் சமயத்தைக் காப்பதாக எண்ணி அதன் மிகச் சிறந்த காவலரையே வாயடைக்கச் செய்வதும் வரலாற்றில் உண்டு என்பதற்கு இது போதிய சான்று.

நூலால் மாறாதவர்கள்

நூல்களின் பெருமையைப் பேசும்போது ஓர் உண்மையை மறைத்தலாகாது. கிறித்தவம் தழுவிய தமிழருள் பெரும்பாலோர் ஆத்தும நிர்ணயத்தைப் படித்து மாறியவர் அல்லர். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றது, பகைவரின் கொடுமையினின்று போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடியே. பின்னாளில் ஒடுக்கப்பட்டோர் பலர் மதிப்பையும் கல்வியையும் நாடி வந்தனர். இதனைக் கொண்டு, அவர்களது நம்பிக்கை போலி என்று இகழ்வோர் உண்டு. அவ்விகழ்ச்சி நேரியதன்று. மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்னும் வேட்கை ஆன்மாவின் வேட்கையே. அண்ணல் அம்பேத்கர் 1935இல் இயோலாவில் தம் முடிவை அறிவித்து, 21 ஆண்டு ஆராய்ந்து, 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். தம் முடிவின் காரணத்தை நூலாகவும் எழுதி வைத்தார். அங்கு மதிப்பும் மெய்ப்பொருளும் வெவ்வேறு தேடல்களாக இல்லை. பாதுகாப்பை நாடிச் சேர்ந்த பரதவரின் வழித்தோன்றல்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அந்நம்பிக்கையில் வாழ்ந்தும் பாடியும் வருகின்றனர். தொடக்கத்தின் காரணத்தை மட்டும் கொண்டு ஒரு நம்பிக்கையின் உண்மையை அளத்தல் இயலாது.

நமக்குரிய கடமை

நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒருவர் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை அளிக்கின்றது. பிறரை மதம் மாற்றுவது அவ்வுரிமையுள் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. சட்டம் தன் எல்லையை இவ்வாறு வகுத்துக்கொள்ளும். ஆனால் மதிப்போடு பேசுவது எப்படி என்பதைச் சட்டம் கற்பிக்க மாட்டாது. அதனை நாமே கற்க வேண்டும்.

கற்பதற்குரியவை இதுகாறும் கண்டவற்றிலிருந்து மூன்றாகத் திரள்கின்றன. முதலாவது, பிறர் கொள்கையை அவரே ஒப்பும் வகையில் எடுத்துரைத்த பின்னரே மறுக்க வேண்டும். இரண்டாவது, பிறர் நூலில் காணும் குறை நம் நூலிலும் உண்டா என்று பார்த்த பின்னரே அதனைக் குறை என்று சொல்ல வேண்டும். மூன்றாவது, கேட்பவர் “யான் ஏற்கவில்லை” என்று எழுந்து செல்லும் உரிமையை எந்நிலையிலும் பறித்தல் கூடாது. இம்மூன்றும் காக்கப்படுமாயின் சமய வாதம் பகையாகாது. இவை கைவிடப்படுமாயின் மௌனங்கூடப் பகையை உள்ளே வளர்க்கும்.

புணேயில் வளரும் நம் பிள்ளைகள் மராட்டியிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். எல்லாச் சமயத்தாரோடும் பழகுகின்றனர். நாம் ஏன் இவ்வாறு வழிபடுகின்றோம், அவர்கள் ஏன் வேறாக வழிபடுகின்றார்கள் என்று என்றேனும் ஒருநாள் கேட்பார்கள். சிலர் வேறு சமயத்தில் மணம்புரியவும் விரும்புவார்கள். அந்நாளில் “கேள்வி கேட்காதே” என்பது விடையாகாது. அயலாரை இகழ்ந்துரைப்பதும் விடையாகாது. இரண்டும் நம்மிடம் விடை இல்லை என்பதையே அப்பிள்ளைக்கு அறிவிக்கும். நம்முடைய நம்பிக்கையின் காரணத்தை நம் தாய்மொழியில் தெளிவாகச் சொல்லப் பெற்றோர் முதலில் பயில வேண்டும். சொன்ன பின்னும் பிள்ளை வேறு வழி செல்லுமாயின், இலட்சுமிபாயைப் போல வருந்தலாம். அவரைப் போலவே வாயிலை மூடாதிருக்கவும் வேண்டும்.

இதற்குத் தமிழ்ச் சங்கங்கள் செய்யக்கூடிய தொண்டு ஒன்று உண்டு. நூலகத்தின் ஒரே அடுக்கில் நீலகேசியும் சிவஞான சித்தியாரும் ஞானோபதேச காண்டமும் தேம்பாவணியும் சைவ தூஷண பரிகாரமும் அடுத்தடுத்து இடம்பெற வேண்டும். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவற்றோடு நிற்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தின் நூலைப் படித்து, அச்சமயத்தார் முன்னிலையில் அதன் பொருளை உரைக்க வேண்டும். கேட்டிருப்போர் “ஆம், யாம் கூறுவது இதுவே” என்று தலையசைப்பாராயின், அன்று தமிழர் தம் பழைய நெறியை மீட்டவர் ஆவர்.